நினைவாசனமும் அதன் பழுதறியும் முறையும்

மனிதன் தன் கையால் இயற்றிய பொருள்களுக்குத் தன் உறுப்புகளின் பெயரை இட்டு வழங்குதல் நம் மொழியில் தொன்றுதொட்டு வரும் மரபு. நாற்காலிக்குக் கால் உண்டு. குடத்திற்கு வாய் உண்டு. ஊசிக்குக் காது உண்டு. இக்காலத்து மோட்டார் வண்டியின் ஆசனத்திற்கோ நினைவும் உண்டு என்கின்றனர். ஊசியின் காது கேளாமையைப் பற்றி எவரும் முறையிட்டதில்லை. ஆயின் ஆசனத்தின் நினைவு தவறிவிடின் வண்டிக்குரியோர் பட்டறைக்கு விரைகின்றனர். அங்கே பழுது இன்னதென ஆராயாமலே விலையுயர்ந்த உறுப்பொன்றை மாற்றிவிடுதலும் உண்டு. மாற்றிய பின்னும் ஆசனம் பழையபடியே நிற்குமாயின், பொருளும் போயிற்று, பழுதும் போகவில்லை என்னும் நிலையே எஞ்சும். ஆதலின், 'மெமரி ஸீட்' எனப்படும் இந்நினைவாசனம் எங்ஙனம் இயங்குகின்றது, அஃது இயங்காதொழியின் காரணத்தை எம்முறையில் தேடுதல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

ஆசனத்தின் பயன்

ஒரே வண்டியை உயர்ந்தவர் ஒருவரும் குறியவர் ஒருவரும் மாறிமாறி ஓட்டும் இல்லங்கள் பல. ஒருவர் இறங்கி மற்றவர் ஏறுந்தோறும் ஆசனத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, உயரத்தை மாற்றி, சாய்வைத் திருத்தவேண்டியிருக்கும். இத்தொல்லையை நீக்குதற்பொருட்டே, ஒவ்வொருவர்க்கும் ஏற்ற நிலையைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு பொத்தானை அழுத்திய அளவில் அந்நிலைக்குத் தானே வந்து நிற்கும் ஆசனம் அமைக்கப்பட்டது. அமெரிக்க நாட்டில் 1957ஆம் ஆண்டில் வெளிவந்த காடில்லாக் எல்டொராடோ புரோம் என்னும் பெருவிலை வண்டியிலேயே இத்தகைய ஆசனம் இருந்தது. அன்று பெருஞ்செல்வர்க்கே உரியதாயிருந்த இவ்வசதி, இன்று அத்துணை விலையில்லாத வண்டிகள் சிலவற்றிலும் காணப்படுகின்றது.

இதனை வெறுஞ் சொகுசு எனக் கருதுதல் பொருந்தாது. ஆசனம் தூரத்தே நின்றுவிடின் குறியவரின் கால் பிரேக்கை முற்ற அழுத்த எட்டாது. மிக அணித்தாக நின்றுவிடினும் தீங்குண்டு. விபத்து நேருங்கால் ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவிலிருந்து காற்றுப்பை பெருவிசையோடு விரிகின்றது. ஓட்டுவோரின் மார்பெலும்பிற்கும் அச்சக்கரத்தின் நடுவிற்கும் 10 அங்குலமேனும், அஃதாவது ஏறக்குறைய 25 சென்டிமீட்டரேனும் இடைவெளி வேண்டுமென அமெரிக்க நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்தார் அறிவுறுத்துகின்றனர். எனவே ஆசனம் எங்கே நிற்கின்றது என்பது உயிரோடு தொடர்புடைய செய்தியேயாம்.

ஆசனத்தின் அமைப்பு

ஆசனத்தின் அடியில் இரு தடங்கள் உள. அவற்றின்மேல் ஆசனம் முன்னும் பின்னும் வழுகிச் செல்கின்றது. இவ்வசைவிற்கு ஒரு மோட்டாரும், உயர்த்தித் தாழ்த்துதற்கு ஒன்றோ இரண்டோ மோட்டார்களும், முதுகுப் பகுதியைச் சாய்த்தற்கு ஒரு மோட்டாரும் பொதுவாக அமைந்திருக்கும். இவை பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தால் சுழல்வன. மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் மோட்டாரும் எதிர்த்திசையிற் சுழலும். அச்சுழற்சி பற்சக்கரங்களின் வழியாகத் திருகுத் தண்டொன்றைத் திருப்ப, ஆசனம் மெல்ல நகர்கின்றது. ஈண்டுக் கருதத்தக்கது யாதெனின், முன்னே செல்லுதற்கும் பின்னே செல்லுதற்கும் மோட்டார் ஒன்றே என்பதாம். இவ்வுண்மை பின்னர் நமக்குப் பெரிதும் பயன்படும்.

இம்மட்டில் ஆசனத்திற்குக் கைகால்கள் கிடைத்தன. நினைவு இன்னும் வந்திலது. நினைவிற்கு முதற்கண் வேண்டுவது, தான் எங்கே நிற்கின்றோம் என்னும் உணர்வு. அதனை அளிப்பது ஒவ்வொரு மோட்டாரோடும் இணைந்த சென்ஸார். மின்னோட்டம் செல்லும் தகடொன்றிற்குக் குறுக்கே காந்தப்புலம் அமையின், அத்தகட்டின் பக்கங்களிடையே சிறியதொரு மின்னழுத்தம் தோன்றுமென எட்வின் ஹால் என்னும் அமெரிக்க அறிஞர் 1879ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அவ்விளைவைக் கொண்டே இச்சென்ஸார்களுட் பல அமைக்கப்படுகின்றன. மோட்டாரின் தண்டிற் பொருத்திய காந்தம் சுழலுந்தோறும் சென்ஸாரிலிருந்து மின்துடிப்புகள் எழும். ஆசனத்தின் அடியிலுள்ள 'மாட்யூல்' என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டி அத்துடிப்புகளை எண்ணிக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தி நிலையைக் குறிக்குங்கால், அப்பெட்டி குறித்துக்கொள்வது இவ்வெண்களையே.

இதனை ஓர் உவமையால் விளக்குவோம். ஒருவன் கண்ணைக் கட்டிக்கொண்டு, சுவரிலிருந்து தொடங்கித் தன் அடிகளை எண்ணியவாறே நடக்கின்றான் என்க. நூறாவது அடியில் நில் என்றால் நிற்பான். முப்பதிற்குத் திரும்பு என்றால் திரும்புவான். எண்ணிக்கை தவறிவிடினோ, நடக்கும் வன்மை அவனுக்குக் குறைவதில்லை. நிற்குமிடம் மட்டும் தெரியாது. அவன் செய்யத்தக்கது மீண்டும் சுவரைத் தொட்டு, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவதே. நினைவாசனத்தின் நிலையும் இதுவே. நன்றாக நகரும் ஆசனம் நினைத்த இடத்திற்கு வாராமையின் மருமம் இவ்வுவமையுள் அடங்கியிருக்கின்றது.

ஆணையும் அனுமதியும்

பொத்தானின் ஆணை ஒன்றே ஆசனத்தை நகர்த்தப் போதியதன்று. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆசனம் திடீரெனப் பின்னே சென்றால் தீங்கு விளையுமாதலின், பல வண்டிகளில் கியர் 'பார்க்' நிலையில் இருந்தாலன்றி நினைவழைப்பு நடவாது. சிலவற்றில் ஆசனம் வந்து சேரும்வரை பொத்தானை விடாது அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். இடையில் வேறெந்தப் பொத்தானையேனும் தொட்டால், பாதுகாப்பின்பொருட்டு ஆசனம் அவ்விடத்திலேயே நின்றுவிடும். கியரின் நிலை, கதவின் நிலை, எச்சாவி கொண்டு வண்டி திறக்கப்பட்டது என்னும் செய்திகளெல்லாம் வண்டியினுள் ஓடும் செய்திக்கம்பிகளின் வழியே மாட்யூலை அடைகின்றன. ஜெர்மனியின் பாஷ் கம்பெனியார் 1986ஆம் ஆண்டில் உலகறிய வெளியிட்ட 'கேன்' என்னும் முறை இச்செய்திப் போக்குவரவிற்கு இக்காலத்துப் பெரிதும் கையாளப்படுவது.

இதனை அறியாதார், பழுதல்லாததைப் பழுதெனக் கொள்வர். வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தவுடன் ஆசனம் தானே பின்னே செல்லுமாயின், அஃது இறங்குவோர்க்கு இடந்தரும் பொருட்டு அமைந்த ஏற்பாடாயிருக்கலாம். காலையில் கதவைத் திறந்ததும் ஆசனம் வேறொருவரின் நிலைக்குச் செல்லுமாயின், அவருடைய ரிமோட் சாவியை எடுத்து வந்தமையே காரணமாயிருக்கலாம். ஆதலின் பழுதறிவோன் முதற்கண் செய்யத்தக்கது, வண்டியோடு தரப்பட்ட கைந்நூலில் அவ்வண்டிக்குரிய விதிகளைப் படித்தறிதலே.

முதல் வினா

கைந்நூலின்படி அனைத்தும் செய்தும் ஆசனம் இணங்கவில்லையாயின், ஒரே ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும். அஃதாவது: நினைவுப் பொத்தானை விடுத்து, சாதாரண ஸ்விட்சை அழுத்தினால் ஆசனம் நகர்கின்றதா? இவ்வினாவின் விடையைக்கொண்டு பழுதுகளை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கலாம். எவ்வாற்றானும் அசையாமை ஒன்று. சில அசைவுகள் மட்டும் நிகழாமை இரண்டு. ஸ்விட்சிற்கு இணங்கி நினைவழைப்பிற்கு இணங்காமை மூன்று. அழைப்பிற்கு இணங்கியும் தவறான இடத்தில் நிற்றல் நான்கு. இவற்றை முறையே ஆராய்வோம்.

எவ்வாற்றானும் அசையாமை

எல்லா மோட்டார்களும் ஒரே நாளிற் பழுதுறுதல் அரிது. ஆகவே அனைத்திற்கும் பொதுவாயுள்ளதையே ஐயுறல் வேண்டும். பொதுவாயுள்ளவை பாட்டரி, பியூஸ், எர்த் கம்பி, ஆசனத்தின் அடியிலுள்ள கனெக்டர், மாட்யூல் ஆகியவை. நல்ல பாட்டரி ஓய்ந்திருக்கும் நிலையில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். அது தளர்ந்திருப்பின், ஆற்றலைச் சேமிக்கும்பொருட்டு ஆசனம் போன்ற வசதிகளை நிறுத்திவைக்கும் வண்டிகளும் உள.

அடுத்து பியூஸ். மாட்யூலுக்குப் பெரும்பாலும் இரு வழிகளால் மின்சாரம் வருகின்றது. மோட்டார்களைச் சுழற்றுதற்குரிய பெருவழி ஒன்று. எண்ணவும் நினைக்கவும் வேண்டிய சிறுவழி மற்றொன்று. இரண்டிற்கும் தனித்தனிப் பியூஸ்கள் உண்டு. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பாராமல் விடுதல் வழக்கமான பிழை. கண்ணால் பார்த்தல் மட்டும் போதாது. மல்டிமீட்டரால் அளந்தறிதலே நன்று. எரிந்த பியூஸை மாற்றுங்கால் அதே ஆம்பியர் அளவினதையே இடுதல் வேண்டும். மிகைப்பட்டதை இட்டால், பியூஸிற்கு மாறாகக் கம்பி எரியும். புதிய பியூஸும் உடனே எரிந்துவிடின், குற்றம் வேறோரிடத்தில் உளது என்பது தெளிவு. அந்நிலையில் மேலும் மேலும் பியூஸ் இட்டுப் பார்த்தல் தகாது.

பியூஸ் நன்றாயிருப்பின் ஆசனத்தின் அடியைக் காண்க. அங்குள்ள கம்பிக்கற்றை ஆசனத்தோடு நாள்தோறும் முன்னும் பின்னும் இழுபடுவது. அதனால் கம்பி உள்ளே முறிந்திருக்கலாம்; கனெக்டர் தளர்ந்திருக்கலாம். வண்டியின் தரைவிரிப்பு நனைந்து ஈரம் தங்கியிருப்பின் கனெக்டரிற் பச்சை நிறக் களிம்பு ஏறியிருக்கலாம். எர்த் கம்பியைச் சோதிக்குங்கால் ஸ்விட்ச் அழுத்தப்பட்ட நிலையிலேயே சோதித்தல் வேண்டும். பாரமில்லாத போது நல்லதுபோற் காட்டும் இணைப்பு, மோட்டார் இழுக்கும் பெருமின்னோட்டத்தைத் தாங்காது தன் குறையை வெளிப்படுத்தும்.

சில அசைவுகள் மட்டும் நிகழாமை

ஆசனம் முன்னே செல்கின்றது, பின்னே செல்லவில்லை எனக் கொள்வோம். இரு திசைக்கும் மோட்டார் ஒன்றே என முன்னர்க் கூறினோம். முன்னே தள்ளும் மோட்டார் உயிரோடிருக்கின்றது என்பது கண்கூடு. ஆகவே அதனை மாற்றுதல் வீண். பின்னோக்கிய ஆணையைத் தரும் ஸ்விட்ச் முனையோ, அவ்வாணையின் கம்பியோ, அதனை நிறைவேற்றும் மாட்யூலின் உட்பகுதியோ, பின்புறத்துத் தடையோதான் காரணமாதல் கூடும். புகையைக் கண்டு நெருப்பை உணர்தல் அனுமானம் எனத் தருக்க நூலார் கூறுவர். நெருப்பின்மை துணிந்த இடத்தில் புகையைத் தேடாதிருத்தலும் அவ்வனுமானத்தின் பயனேயாம்.

ஓர் அசைவு இரு திசையிலும் நிகழவில்லையாயின் காது கொடுத்துக் கேட்க. மோட்டார் சுழலும் ஓசை கேட்டும் ஆசனம் நகரவில்லையெனின், மின்சாரத்திற் குறையில்லை. பற்சக்கரம் தேய்ந்ததோ, சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டு கழன்றதோ இருத்தல் வேண்டும். முனகல் மட்டும் எழுந்து நின்றுவிடின், தடத்தில் ஏதோ சிக்கியிருக்கின்றது. நாணயம், பேனா, தண்ணீர்ப் புட்டி, குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் ஆகியவை தடங்களினிடையே அகப்படுதல் எளிது. ஓசையே இல்லையெனின், ஒருவர் ஸ்விட்சை அழுத்த மற்றொருவர் மோட்டாரின் கனெக்டரில் மின்னழுத்தத்தை அளத்தல் வேண்டும். பன்னிரண்டு வோல்ட் அளவில் மின்சாரம் வந்தும் மோட்டார் அசையாதாயின் மோட்டாரே பழுது. வாராதாயின் மோட்டார் குற்றமற்றது. அதற்கு முன்னுள்ள கம்பியையும் மாட்யூலையும் ஸ்விட்சையும் ஆராய்க.

ஸ்விட்சிற்கு இணங்கி அழைப்பிற்கு இணங்காமை

ஸ்விட்சால் எல்லா அசைவுகளும் ஒழுங்காக நிகழுமாயின், பாட்டரியும் மோட்டார்களும் தடங்களும் ஒருசேர ஐயத்தினின்று நீங்கின. எஞ்சியவை பொத்தானின் ஆணை, அனுமதிச் செய்தி, சென்ஸாரின் உணர்வு என்னும் மூன்றே.

நிலையைக் குறித்துக்கொண்டதும் பல வண்டிகள் மணியொலி எழுப்பும். அன்றேல் பொத்தானில் விளக்கெரியும். அவ்வடையாளம் தோன்றவில்லையாயின், ஆணை மாட்யூலை எட்டவில்லை என ஐயுறலாம். இப்பொத்தான்கள் பெரும்பாலும் கதவிற் பொருத்தப்பட்டவை. கதவு திறந்து மூடுந்தோறும் கீலின் அருகே கம்பிகள் வளைந்து நிமிர்கின்றன. ஆண்டுகள் பல சென்றபின் அவற்றுள் ஒன்று முறிதல் இயல்பு. கண்ணாடி இறக்கும் ஸ்விட்சோ பூட்டோ அதே கதவில் உடன் பழுதாயிருப்பின் இவ்வையம் வலுப்பெறும்.

அடையாளம் தோன்றியும் ஆசனம் வாராதாயின் சென்ஸாரை நோக்குக. ஸ்விட்சை அழுத்திப் பிடித்திருந்தும் ஆசனம் சிறிதளவே நகர்ந்து நின்று, மீண்டும் அழுத்தினால் மீண்டும் சிறிதளவே நகருமாயின், அது சென்ஸார்ப் பழுதின் சிறந்த அறிகுறி. மாட்யூல் மோட்டாருக்கு மின்சாரம் அனுப்புகின்றது. துடிப்புகள் திரும்பி வரவில்லை. மோட்டார் தடைப்பட்டுவிட்டதெனக் கருதி, அஃது எரிந்து போகாவண்ணம் மின்சாரத்தை நிறுத்திவிடுகின்றது. பல வண்டிகளில் சென்ஸார் மோட்டாரோடு ஒன்றாகவே அமைந்திருத்தலின் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டியிருக்கும். எனினும் மாற்றுமுன் அதன் மெல்லிய கம்பிகளையும் கனெக்டரையும் சோதித்தல் கடன்.

இந்நிலையில் 'ஸ்கேனர்' என்னும் கருவி பேருதவி புரியும். மாட்யூல் தான் கண்ட குறைகளைக் குறியெண்களாகச் சேமித்து வைக்கின்றது. 'பி' என்னும் எழுத்தில் தொடங்குவன வண்டியின் உடலமைப்பைப் பற்றியவை. 'யூ' என்பதில் தொடங்குவன செய்திப் போக்குவரவைப் பற்றியவை. மலிவான கருவிகளுட் பல எஞ்சினைப் பற்றிய குறிகளை மட்டுமே படிக்கும். அவை குறையொன்றுமில்லை எனக் காட்டுவதை நம்பி ஏமாறலாகாது. மேலும் குறியெண் பழுதுள்ள வழியைக் காட்டுமேயன்றி, எவ்வுறுப்பை மாற்றுக எனக் கூறாது.

தவறான இடத்தில் நிற்றல்

பாட்டரியைக் கழற்றி மாற்றிய பின்னர் ஆசனம் நினைவிழந்ததாயின் அஞ்சவேண்டுவதில்லை. கண்ணைக் கட்டியவன் எண்ணிக்கை தவறினான், அவ்வளவே. பல வண்டிகளில் ஒவ்வோர் அசைவையும் இரு எல்லைகள்வரை கொண்டுசென்று, எல்லையிற் சிறிது நேரம் ஸ்விட்சை விடாது அழுத்திப் பிடித்தால், மாட்யூல் சுவரைத் தொட்டறிந்து எண்ணத் தொடங்கும். பின்னர் ஒவ்வொருவர் நிலையையும் புதிதாகக் குறித்துக்கொள்ளலாம். வேறு சிலவற்றிற்கு இதனைச் செய்ய ஸ்கேனர் வேண்டும். பாட்டரியைத் தொடாதிருக்கவே ஆசனம் அடிக்கடி மறக்குமாயின், சிறுவழிப் பியூஸையும் பாட்டரியின் இணைப்புகளையும் ஆராய்க.

மற்றொன்று கூறுதற்குரியது. ஆசனத்தின் பின்னே பெட்டியொன்று வைக்கப்பட்டிருந்து, ஆசனம் அதன்மேல் மோதி நின்றது என்க. மாட்யூல் அவ்விடத்தையே எல்லையெனக் கருதிக்கொள்ளும் வண்டிகள் உள. பெட்டியை எடுத்த பின்னும் ஆசனம் அங்கேயே நிற்கும். தடை நீங்கிற்று, தடையின் நினைவு நீங்கவில்லை. இதனை அறியாதார் மோட்டாரை மாற்றுவர். அறிந்தாரோ, ஸ்விட்சை ஒருமுறை விடுத்து மீண்டும் அழுத்திப் பிடித்து, ஆசனத்தை உண்மை எல்லைவரை செலுத்திப் புதிய பாடம் புகட்டுவர்.

காக்கவேண்டியவை

ஆசனத்தின் அடியில் கைவைக்குமுன் சில எச்சரிக்கைகள் இன்றியமையாதன. பக்கவாட்டுக் காற்றுப்பை பல வண்டிகளில் ஆசனத்தினுள்ளேயே உளது. அதன் கனெக்டர் பெரும்பாலும் மஞ்சள் நிறமுடையது. அதனைக் கழற்றவோ, மல்டிமீட்டரால் தொடவோ கூடாது. ஆசனத்தைப் பெயர்த்தெடுக்க நேரின், பாட்டரியைத் துண்டித்து, கைந்நூல் கூறும் நேரமளவும் காத்திருந்து, அவ்வேலையில் பயின்றவரைக் கொண்டே செய்வித்தல் நலம். சோதனையின்போது ஆசனம் எதிர்பாராது நகருமாதலின் விரல்களைத் தடத்தினின்று விலக்கிவைக்க. விபத்தில் மனிதனைத் தாங்குவன ஆசனத்தின் போல்ட்டுகளே. அவற்றை மீண்டும் பூட்டுங்கால் தயாரிப்பாளர் குறித்த அளவிற்கு முறுக்குதல் வேண்டும். பிரேக் எட்டாத நிலையில் ஆசனம் நின்றுவிடின், மெல்ல ஓட்டிச் செல்லலாமென எண்ணாது, வண்டியை அங்கேயே நிறுத்துதல் அறிவுடைமை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நினைவாசனத்தின் பழுது என்பது ஒன்றன்று. பல இடங்களிற் பிறந்து ஒரே முகங்காட்டுவது என்பது பெறப்படும். வன்மை குன்றியதா, ஆணை எட்டவில்லையா, அனுமதி கிட்டவில்லையா, எண்ணிக்கை தவறியதா என்னும் வினாக்களை முறைப்படி எழுப்பி, ஒவ்வொன்றிற்கும் சோதனையால் விடை கண்டு, நல்லதென நிறுவப்பட்டதை ஒதுக்கிக்கொண்டே சென்றால், எஞ்சி நிற்பதே பழுது. இதற்கு வேண்டுவன விலையுயர்ந்த உதிரிப் பாகங்களல்ல. கைந்நூல் ஒன்றும், மல்டிமீட்டர் ஒன்றும், விரையாத மனம் ஒன்றுமே. சோதியாது மாற்றுவோன் நல்ல உறுப்பையும் குப்பையில் எறிவான். சோதித்தறிவோனோ, முறிந்த கம்பியொன்றைப் பற்றவைத்து வண்டிக்குரியோரின் பொருளைக் காப்பான். அவ்வாசனத்தில் அமர்வோர் கால் பிரேக்கை எட்டுமாறும் செய்வான்.